தேர்வறையில் நம்பிக்கையும் ஐயமும்: இந்திய உயர்கல்வியில் எழுதுநர் உதவி, ஈடுசெய் நேரம் ஆகியவற்றின் வரலாறு (1993–2025)

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுத்திறன் மாணவர்கள் எழுத்துத் தேர்வை எதிர்கொள்வதற்கு இந்தியக் கல்வி நிறுவனங்களும் தேர்வு அமைப்புகளும் வழங்கும் உதவிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, சொல்வதைக் கேட்டு எழுதித் தரும் எழுதுநர். மற்றொன்று, ஈடுசெய் நேரம். இவ்விரண்டும் 1993 முதல் 2025 வரை சட்டம், நிர்வாக நெறிமுறை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய மூன்று தளங்களில் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சலுகையாக இருந்த உதவி உரிமையாக மாறியது என்னும் பொதுக்கூற்று ஓரளவே உண்மையாகும். உரிமை சட்டத்தில் இடம்பெற்ற பின்னரும், மாணவர் ஏமாற்றக்கூடும் என்னும் நிறுவன ஐயம் விதிகளுக்குள் தொடர்ந்து குடிகொண்டிருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறன் மாணவர், எழுதுநர், ஈடுசெய் நேரம், நியாயமான தகவமைப்பு, நாற்பது விழுக்காட்டு வரம்பு, தேர்வு முறை.

முன்னுரை

எழுத்துத் தேர்வு அறிவை அளக்கும் கருவியாகக் கருதப்படுகிறது. ஆயினும் அக்கருவி அறிவை நேரடியாக அளப்பதில்லை. வினாத்தாளைப் படிக்கும் கண், விடையை எழுதும் கை, மணி அடிக்கும்வரை நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடல் ஆகியவற்றின் வழியாகவே அறிவு விடைத்தாளை அடைகிறது. இம்மூன்றும் எல்லோர்க்கும் ஒரே வகையில் இயங்கும் என்னும் முற்கோளின் மீதே மூன்று மணிநேரத் தேர்வு என்னும் வழக்கம் நிலைகொண்டுள்ளது. இம்முற்கோள் பொருந்தாத மாணவர் ஒருவர் தேர்வறைக்குள் நுழையும்போது, தேர்வு எதை அளக்கிறது என்னும் வினா எழுகிறது. பார்வையற்ற மாணவர் ஒருவரின் வரலாற்றறிவை அளப்பதா, அவரால் மையெழுத்தைப் படிக்க இயலாமையை அளப்பதா என்பதே அவ்வினா.

இவ்வினாவிற்கு இந்தியாவில் கிடைத்த நடைமுறை விடையே எழுதுநர் உதவி. தமிழகத் தேர்வுத்துறை வழக்கில் இவர் ‘சொல்வதை எழுதுபவர்’ எனப்படுகிறார். இக்கட்டுரையில் சுருக்கம் கருதி ‘எழுதுநர்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. எழுதுநர் யாராக இருக்கலாம், அவரை யார் தெரிவு செய்வது, அவரது கல்வித்தகுதி என்ன, அவரைப் பெறும் உரிமை எவர்க்கு உண்டு என்பன சிறு நிர்வாக வினாக்களாகத் தோன்றலாம். இவற்றுக்கு அளிக்கப்பட்ட விடைகளைக் கால வரிசையில் நோக்கினால், மாற்றுத்திறன் மாணவரை நிறுவனங்கள் எவ்வாறு கண்டன என்பதன் வரலாறு புலப்படும். சட்டங்கள், நடுவண் அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியன இக்கட்டுரைக்கு முதன்மை ஆதாரங்களாக அமைகின்றன. பணித் தேர்வுகள், நுழைவுத் தேர்வுகள் தொடர்பான ஆவணங்களும் இங்கு ஆராயப்படுகின்றன. பட்டம் பெறுவதற்கு முன்னும் பின்னும் மாணவர் கடக்கவேண்டிய வாயில்கள் அவை என்பதும், எழுதுநர் பற்றிய விதிகள் பெரும்பாலும் அங்கேயே உருவாயின என்பதும் இதற்குக் காரணங்களாகும்.

சிறப்புப் பள்ளியிலிருந்து கல்லூரி வாயில்வரை

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முறைசார் கல்வி கிறித்தவ மறைப்பணியாளர்களின் முயற்சியால் தொடங்கியது. 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் தொடங்கிய பள்ளி இதன் முதற்படியாகக் கருதப்படுகிறது. தமிழகத்தில் 1890இல் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையாரின் முயற்சியால் பார்வையற்றோர் பள்ளி உருவானது. இந்திய மொழிகளுக்கெனத் தனித்தனியே வழங்கிய பிரெயில் முறைகள் ஒன்றுபடுத்தப்பட்டு, பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை 1951இல் ஏற்கப்பட்டது.

பிரெயில் பள்ளிக்குள் மாணவரைத் தன்னிறைவு உடையவராக ஆக்கியது. ஆனால் கல்லூரியில் அந்தத் தன்னிறைவு நீடிக்கவில்லை. பிரெயிலில் எழுதப்பட்ட விடையைத் திருத்த அம்முறை அறிந்த ஆசிரியர் வேண்டும். பொதுக் கல்லூரிகளில் அத்தகையோர் அரிதாகவே இருந்தனர். வினாத்தாளைப் பிரெயிலில் அச்சிட்டு, மறைவடக்கத்தோடு தேர்வு மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் எளிதன்று. வளர்ந்த பின் பார்வை இழந்தோர் பலர்க்குப் பிரெயில் பழகுவதற்கே நெடுங்காலம் தேவைப்பட்டது. இக்காரணங்களால், மாணவர் வாய்மொழியாகச் சொல்ல மற்றொருவர் மையெழுத்தில் எழுதித் தரும் முறையே உயர்கல்வியில் செல்வாக்குப் பெற்றது. நிறுவனம் தன் தேர்வு முறையில் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பதே இம்முறையின் நிர்வாக வசதி. மாணவர் தம் விடைக்கும் விடைத்தாளுக்கும் இடையே மற்றொருவரின் கையைச் சார்ந்திருக்க நேர்ந்தது இம்முறையின் விலை.

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியைப் பொதுக்கல்வியின் பிரிக்க இயலாத பகுதியாக்க வேண்டும் என வலியுறுத்தியது. அதை இரக்கத்தின் அடிப்படையில் மட்டும் அன்றிப் பயன்பாட்டின் அடிப்படையிலும் அமைக்கவேண்டும் எனவும் அக்குழு கூறியது. 1974இல் நடுவண் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் பள்ளி நிலையில் இக்கருத்தைச் செயல்படுத்த முனைந்தது. பொதுப்பள்ளிகளில் பயின்ற மாற்றுத்திறன் மாணவர்கள் கல்லூரிகளை நோக்கி வரத் தொடங்கினர். எனினும் அவர்கள் தேர்வெழுதும் முறை பற்றி நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்டம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இச்சூழலில் திருப்புமுனை பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. பணித் தேர்வு தொடர்பான வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. குடிமைப் பணித் தேர்வைப் பார்வையற்றோர் பிரெயிலிலோ எழுதுநர் துணையுடனோ எழுத இசைவு வேண்டி, தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிரான அவ்வழக்கில் 1993 மார்ச் மாதம் தீர்ப்பு வெளிவந்தது. பார்வையற்றோர்க்கு உகந்தவையென அரசே இனங்கண்ட பணிகளுக்கு அவர்கள் போட்டியிடலாம் என்றும், தேர்வைப் பிரெயிலில் அல்லது எழுதுநர் துணையுடன் எழுதலாம் என்றும் நீதிமன்றம் பணித்தது.

இத்தீர்ப்பின் கல்வி முக்கியத்துவம் இரண்டு வகைப்படும். குடிமைப் பணித் தேர்வுக்குப் பட்டமே அடிப்படைத் தகுதி. எனவே தேர்வுக்கான வாயில் திறந்தபோது பட்டப்படிப்பின் பொருளும் மாறியது. அடுத்து, எழுதுநர் துணையோடு எழுதப்பட்ட விடை தேர்வரின் சொந்த விடையே என்னும் ஏற்பு நாட்டின் உயர்ந்த போட்டித்தேர்வு ஒன்றில் நிலைநாட்டப்பட்டது. அங்கே ஏற்கத்தக்கதாகிய முறையைக் கல்லூரிப் பருவத்தேர்வில் மறுப்பதற்குப் பொருத்தமான காரணம் எதுவும் எஞ்சவில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம்: சேர்த்தலும் கழித்தலும்

1995இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை, செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் என ஏழு வகைகளை அது ஏற்றது. மருத்துவ அதிகாரி சான்றளிக்கும் ஊனம் 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. அரசு நிறுவனங்களிலும் அரசு உதவிபெறும் நிறுவனங்களிலும் 3 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குமாறு 39ஆம் பிரிவு பணித்தது. பார்வையற்ற, குறைபார்வை மாணவர்களுக்கு எழுதுநரை எல்லாக் கல்வி நிறுவனங்களும் ஏற்பாடு செய்யவேண்டும் என 31ஆம் பிரிவு விதித்தது. எழுதுநரை ஏற்பாடு செய்யும் கடமையைச் சட்டம் மாணவர் மீது சுமத்தாமல் நிறுவனத்தின் மீது சுமத்தியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. பார்வையற்ற மாணவர்களின் நலன் கருதித் தேர்வுகளில் முற்றிலும் கணிதம் சார்ந்த வினாக்களை நீக்குதல், செவித்திறன் குறைந்த மாணவர்கள் ஒரு மொழியை மட்டும் பயிலப் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தல் ஆகியவற்றை அரசின் கல்வித் திட்டங்களில் சேர்க்குமாறு அப்பிரிவு கூறியது. இவை நன்னோக்குடையனவே. ஆயினும் இவற்றின் அடிப்படையில் இரு வேறு அணுகுமுறைகள் கலந்துள்ளன. எழுதுநரை வழங்குதல் மாணவர் பாடத்தை அடையும் வழியை மாற்றுகிறது. வினாவை நீக்குதல் பாடத்தையே குறைக்கிறது. முன்னது அதே கல்வியை வேறு வழியில் தருகிறது. பின்னது குறைந்த கல்வியைத் தருகிறது. கணித வினா நீக்கப்பட்ட மாணவர்க்கு அன்று தேர்வு எளிதாகியிருக்கலாம். ஆனால் கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட அறிவியல், பொருளியல், கணினியியல் படிப்புகளின் வாயில் அவர்க்கு அப்போதே குறுகிவிடுகிறது. தொட்டுணரும் வரைபடங்களும் பிரெயில் கணிதக் குறியீடுகளும் கிடைக்கும் சூழலில் தேவையற்றுப் போயிருக்கக்கூடிய விலக்கு, அவை கிடைக்காத சூழலில் உதவியாகப் பெயர் பெற்றது.

சான்றிதழில் உள்ள எண்ணின் அடிப்படையிலேயே உரிமை அமையும் என்னும் நிலையும் இச்சட்டத்தோடு உறுதிப்பட்டது. இதன் விளைவுகள் பின்னர் வெளிப்பட்டன.

2013ஆம் ஆண்டு நெறிமுறைகள்: நம்பிக்கையின் மொழி

1995ஆம் ஆண்டுச் சட்டம் எழுதுநரை வழங்கவேண்டும் எனக் கூறியதேயன்றி, எவ்வாறு என விளக்கவில்லை. அதனால் ஒவ்வொரு தேர்வு அமைப்பும் தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டது. இவ்வேறுபாடுகளைக் களையும் நோக்கில், சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 2013 பிப்ரவரி 26 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

இந்நெறிமுறைகளின் மொழி கூர்ந்து நோக்கத்தக்கது. எழுதுநரைத் தாமே அழைத்து வருவதா, தேர்வு அமைப்பின் பட்டியலிலிருந்து பெறுவதா என்னும் தெரிவு மாணவர்க்கே விடப்பட்டது. பட்டியலிலிருந்து பெறுவோர் தேர்வுக்கு முந்தைய நாளில் எழுதுநரைச் சந்திக்க வாய்ப்பளிக்கப்பட்டது. வெவ்வேறு தாள்களுக்கு, குறிப்பாக மொழித்தாள்களுக்கு, வெவ்வேறு எழுதுநரைக் கொள்ளலாம் எனக் கூறப்பட்டது. எழுதுநரின் கல்வித்தகுதி, மதிப்பெண், வயது ஆகியவற்றுக்கு வரம்பு விதிக்கலாகாது எனவும், முறைகேடு நேராதிருக்கத் தேர்வறைக் கண்காணிப்பை வலுப்படுத்த வேண்டும் எனவும் நெறிமுறைகள் தெளிவுபடுத்தின. முறைகேட்டைத் தடுக்கும் பொறுப்பு இங்கு நிறுவனத்தின் கடமையாகிறது. மாணவர்க்குத் திறன் குறைந்த துணையை அளிப்பதன்மூலம் முறைகேட்டைத் தடுக்கும் எண்ணம் கைவிடப்பட்டது.

நேரம் பற்றிய சொல்லாட்சியும் மாற்றம் பெற்றது. ‘கூடுதல் நேரம்’ என்னும் சொல்லுக்கு மாற்றாக ‘ஈடுசெய் நேரம்’ என்பதை ஆளவேண்டும் என நெறிமுறைகள் குறிப்பிட்டன. எழுதுநர் உதவி பெறுவோர்க்கு ஒரு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத நேரமும், எழுதுநரின்றி எழுதுவோர்க்கு மூன்று மணிநேரத் தேர்வில் குறைந்தது ஒரு மணிநேரமும் வழங்கப்படவேண்டும் என வரையறுக்கப்பட்டது. கூடுதல் என்பது மற்றவர்க்குக் கிடைக்காத ஒன்று தமக்குக் கிடைப்பதைக் குறிக்கும். ஈடு என்பது இழந்த ஒன்று மீளக் கிடைப்பதைக் குறிக்கும். சொல்லி, எழுதக் கேட்டு, படித்துக்காட்டச் செய்து, திருத்தி முடிக்கும் மாணவர் ஒவ்வொரு விடைக்கும் செலவிடும் நேரம் தேர்வு முறையால் பறிக்கப்படுவது. அதைத் திருப்பித் தருவது சலுகையாகாது.

2018ஆம் ஆண்டு நெறிமுறைகள்: ஐயத்தின் மீள்வருகை

ஐந்தாண்டுகளுக்குப் பின்னர் 2018 ஆகஸ்ட் 29 அன்று திருத்தப்பட்ட நெறிமுறைகள் வெளியாயின. ஈடுசெய் நேரத்தின் அளவு மாறவில்லை. ஆனால் மாணவர் தாமே எழுதுநரை அழைத்து வருவாராயின், அவ்வெழுதுநரின் கல்வித்தகுதி மாணவரின் தகுதியைவிட ஒரு படி குறைந்திருக்க வேண்டும் என்னும் விதி சேர்க்கப்பட்டது. பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட இயக்கக் குறைபாடு, பெருமூளை வாதம் ஆகியவை உடையோர் விரும்பினால் எழுதுநரைப் பெறலாம். ஏனையோர் தமக்கு எழுத இயலாமை உண்டு என்பதற்கு அரசு மருத்துவ அதிகாரியின் சான்றை அளிக்கவேண்டும்.

ஒரு படி குறைந்த எழுதுநர் என்னும் விதியின் உட்கருத்து வெளிப்படையானது. பாடம் அறிந்தவர் எழுதுநராக அமர்ந்தால் விடையை அவரே எழுதிவிடுவார் என்னும் அச்சமே அது. இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றது எனக் கூற இயலாது. தேர்வு முறைகேடுகள் எல்லாத் தரப்பிலும் நிகழ்பவையே. ஆனால் 2013இல் கண்காணிப்பாளரின் பொறுப்பாக இருந்த ஒன்று 2018இல் மாணவரின் சுமையாகியது.

தமிழிலக்கிய முதுகலைத் தேர்வொன்றைக் கருதினால் இச்சுமையின் இயல்பு விளங்கும். பார்வையற்ற மாணவர் சங்கப் பாடலடி ஒன்றை மேற்கோளாகச் சொல்கிறார். எழுதுநர் அப்பாடலைக் கேட்டறியாதவர். லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், வல்லினம் மிகும் இடங்களும் செவியால் மட்டும் அறியப்படுவன அல்ல. எழுதுவோர்க்கு மொழிப்பயிற்சி வேண்டும். மாணவர் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெண்ணிச் சொன்னால் ஈடுசெய் நேரம் அதிலேயே கழியும். சொல்லாது விட்டால் விடைத்தாளில் பிழை மிகும். திருத்துபவர் அதை மாணவரின் அறியாமையாகவே கொள்வார். இந்நிலையில் தேர்வு அளப்பது மாணவரின் இலக்கியப் புலமையை அன்று, எழுதுநரின் எழுத்துப் பயிற்சியையே ஆகும். வேதியியல் சமன்பாடுகளுக்கும் புள்ளியியல் குறியீடுகளுக்கும் இது பொருந்தும். தகுதி குறைந்த துணையை விதியாக்கும்போது, நேர்மையைக் காக்கும் பெயரில் அளவீட்டின் நேர்மையே குன்றுகிறது.

2016ஆம் ஆண்டுச் சட்டமும் இரண்டு வரையறைகளும்

இந்நெறிமுறைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் சட்டத்தின் அடித்தளமே மாறியிருந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று உறுதிசெய்தது. உயர்கல்வியில் பாகுபாடின்றிச் சேர்க்கை அளிக்கவும், அதற்கு நியாயமான தகவமைப்பை உறுதிசெய்யவும் அதன் 24ஆம் உறுப்பு பணிக்கிறது. இக்கடப்பாட்டின் வழிவந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏழு வகைகள் இருபத்தொன்றாயின. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் அவற்றுள் இடம்பெற்றன. உயர்கல்வி இடஒதுக்கீடு 5 விழுக்காடாக உயர்ந்தது. தேர்வு முறையில் ஈடுசெய் நேரம், எழுதுநர் போன்ற மாற்றங்களைச் செய்வது 17ஆம் பிரிவின்படி அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாயிற்று. மாணவரின் தேவைக்கேற்ப நியாயமான தகவமைப்பை வழங்குவது 16ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களின் கடமையாகக் கூறப்பட்டது.

இச்சட்டம் இரு வரையறைகளை அருகருகே வைத்தது. நீண்டகாலக் குறைபாடு சமூகத் தடைகளோடு மோதும்போது பங்கேற்பு தடைப்படும் எவரும் மாற்றுத்திறனாளி ஆவார் என்பது முதல் வரையறை. 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் உடையவர் ‘வரம்பளவு மாற்றுத்திறனாளி’ என்பது இரண்டாவது. முதலாவது தேவையைப் பார்க்கிறது. இரண்டாவது எண்ணைப் பார்க்கிறது. இடஒதுக்கீடு இரண்டாவதற்கு உரியது. நியாயமான தகவமைப்போ முதலாவதற்கு உரியது. இவ்வேறுபாட்டைத் தேர்வு அமைப்புகள் கருத்தில் கொள்ளவில்லை. 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளும் வரம்பளவு மாற்றுத்திறனாளிகளை மட்டுமே கருதியமையால், எழுதும் உதவியை அவர்களுக்கே வரையறுக்கும் நடைமுறை தொடர்ந்தது.

2021 முதல் 2025 வரை: எண்ணிலிருந்து தேவைக்கு

இக்குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்த்தது. எழுதும்போது கைத்தசை இறுகும் நரம்பியல் நிலையுடைய குடிமைப் பணித் தேர்வர் ஒருவர்க்கு எழுதுநர் மறுக்கப்பட்டமை பற்றிய வழக்கு அது. நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, எழுதுநரைப் பெறுவதற்கு வரம்பளவு ஊனம் முன்நிபந்தனை ஆகாது எனத் தீர்ப்பளித்தது. உதவி தவறாகப் பயன்படுத்தப்படும் என்னும் வாதத்தையும் நீதிமன்றம் ஆராய்ந்தது. சிலர் தவறிழைக்கக்கூடும் என்னும் அச்சத்தால் தேவையுடைய அனைவர்க்கும் கதவை அடைப்பது ஏற்புடையதன்று என்பதே அதன் நிலைப்பாடு. உரிய நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு அரசுக்கு ஆணையிடப்பட்டது. அவை 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியாயின.

ஆணைக்கும் நெறிமுறைக்கும் இடைப்பட்ட காலத்தில் தேர்வெழுதியோர் நிலை என்ன என்பதற்கு 2021 நவம்பர் 23 தீர்ப்பு சான்றாகிறது. எழுதுதிறன் குறைபாடு உடைய மாணவி ஒருவர், மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வில் தமக்கு உரிய ஒரு மணிநேர ஈடுசெய் நேரம் மறுக்கப்பட்டதாக முறையிட்டார். மறுதேர்வு நடத்த நீதிமன்றம் ஆணையிடவில்லை. எனினும் இழைக்கப்பட்ட அநீதியைச் சீர்செய்யும் வழியை ஒரு வாரத்துக்குள் முடிவு செய்யுமாறு தேசியத் தேர்வு முகமையைப் பணித்தது. தேர்வறையில் மறுக்கப்படும் நேரத்தைப் பின்னர் எந்தத் தீர்ப்பாலும் அதே வடிவில் திருப்பித் தர இயலாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. கண்காணிப்பாளர்க்கு விதி தெரியாமை மாணவர்க்கு ஓராண்டாக மாறுகிறது.

நாற்பது விழுக்காடு என்னும் எண் எதிர்த்திசையிலும் செயல்பட்டது. பேச்சுக் குறைபாடு வரம்பளவைக் கடந்திருந்தமையால் மாணவர் ஒருவர்க்கு மருத்துவப் படிப்பில் சேர்க்கை மறுக்கப்பட்டது. எண் ஒன்றே தகுதியின்மைக்குக் காரணமாகாது. அம்மாணவரால் படிப்பைத் தொடர இயலுமா என்பதையே மதிப்பீட்டுக் குழு ஆராயவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 15 அன்று தீர்ப்பளித்தது. வரம்புக்குக் கீழே இருந்தவர்க்கு ஊனம் போதாது என உதவி மறுக்கப்பட்டது. மேலே இருந்தவர்க்கு ஊனம் மிகுதி என வாயில் அடைக்கப்பட்டது. மாணவரின் செயல்திறனைக் காணாது சான்றிதழின் எண்ணை மட்டும் கண்டமையே இரண்டுக்கும் பொதுவான பிழை.

2025 பிப்ரவரி 3 அன்று வெளிவந்த தீர்ப்பு, எழுத்துத் தேர்வுகளில் வரம்பளவு மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கும் உதவிகள் மாற்றுத்திறனாளிகள் அனைவர்க்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என வலியுறுத்தியது. 2021இல் சொல்லப்பட்ட கருத்தை நான்காண்டுகளுக்குப் பின் மீண்டும் சொல்ல நேர்ந்தமை, தீர்ப்புக்கும் தேர்வறைக்கும் இடையேயுள்ள தொலைவைக் காட்டுகிறது.

தேர்வுக்கு முன்: வாசிப்பு

எழுதுநர் பற்றிய இவ்வரலாறு, மாணவர் பாடத்தைப் படித்துவிட்டார் என்னும் எடுகோளோடு தொடங்குகிறது. படிப்பதற்கான நூல் அவர் கைக்கு எட்டியதா என்பது தனி வினா. காப்புரிமை பெற்ற நூல்களை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றுவது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இந்தியாவில் காப்புரிமை மீறலாகாது. 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாவே.

தமிழ் மாணவர்க்கு இத்துறையில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் எழுத்தின் தோற்றத்தைப் படிப்பதில்லை. அதன் குறியேற்றத்தையே படிக்கிறது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கோப்பில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டுள்ளன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அப்பக்கம் திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே ஒலிக்கிறது. படமாக வருடப்பட்ட பக்கமோ எதையும் ஒலிப்பதில்லை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆயினும் அதற்கு முன் உருவான பாடக்குறிப்புகளும் ஆய்வேடுகளும், பின்னரும் பழைய எழுத்துருவில் உருவாகும் கோப்புகளும் பார்வையற்ற மாணவர்க்கு மூடிய நூல்களே. துறை ஒன்று தன் பாடக்குறிப்புகளை ஒருங்குறியில் வெளியிடுவதற்குப் பெருஞ்செலவு இல்லை. இத்தகைய சிறு மாற்றம் நிகழ்ந்தால், வாசித்துக் காட்டுவோர்க்காகக் காத்திராமல் மாணவர் தாமே பயில இயலும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகள் கட்டடங்களோடு பாடப்பொருளையும் கருத்தில் கொண்டமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

முப்பத்திரண்டு ஆண்டு வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. 1993இல் நீதிமன்றம் கதவைத் திறந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் எழுதுநரை நிறுவனத்தின் கடமையாக்கியது. அதே வேளையில் பாடத்தைக் குறைப்பதையும் உதவியென்றது. 2013ஆம் ஆண்டு நெறிமுறைகள் மாணவரை நம்பின. 2016இல் உரிமை விரிவடைந்தது. 2018இல் ஐயம் மீண்டும் விதியாகியது. 2021 முதல் 2025 வரையிலான தீர்ப்புகள் எண்ணைவிடத் தேவையே முதன்மை என நிலைநாட்டின.

இம்மாற்றங்களினூடே ஒன்று புலப்படுகிறது. உரிமை எவ்வளவு விரிந்தது என்பதைச் சட்டத்தின் பிரிவுகள் காட்டும்; மாணவர் எவ்வளவு நம்பப்பட்டார் என்பதை நெறிமுறைகளின் துணை விதிகளே காட்டும். எழுதுநரின் தகுதி, சான்றிதழின் வடிவம், தேர்வறைக் கண்காணிப்பாளரின் பயிற்சி ஆகிய சிறு செய்திகளில்தான் உரிமை நடைமுறையாகிறது, அல்லது நடைமுறையாகாமல் நின்றுவிடுகிறது. ஆகவே பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டியது மூவகைப்படும். பாடமறிந்த எழுதுநர் பட்டியலை நிறுவனமே பேணுதல், கண்காணிப்பாளர்க்குத் தேர்வுக்கு முன்பே விதிகளை உணர்த்துதல், எழுதுநரின்றிக் கணினியிலோ பிரெயிலிலோ தாமே எழுத விரும்பும் மாணவர்க்கு அதற்கான வழியமைத்தல் ஆகியன அவை. மாணவர் தம் விடையைத் தம் கையாலேயே எழுதும் வாய்ப்பு விரியுமளவுக்கு, எழுதுநரைச் சுற்றி வளர்ந்த ஐயமும் தன் தேவையை இழக்கும்.